கம்பியைப் பிடித்த கை

போன வாரம் ஒரு கதையைக் கையும் களவுமாகப் பிடித்தேன். பிடித்ததாக நினைத்தேன் என்று சொல்வதுதான் முறை.

ஷார்ஜாவில் எங்கள் தமிழ்ச் சங்கம் ஆண்டு மலருக்காகச் சிறுகதைப் போட்டி வைத்தது. நடுவர் நான். ஓய்வு பெறும்வரை கட்டுமானக் கம்பெனி ஒன்றில் டாக்குமெண்ட் கண்ட்ரோலர். ரிவிஷன் எண் இல்லாத ஒரு டிராயிங்கூட என் மேசையைத் தாண்டியதில்லை. சிறுகதை மட்டும் தாண்டிவிடுமா?

அந்தக் கதையை எழுதியவர் பர்வீன் என்ற பெண்; இதுதான் முதல் கதையாம். கணவனின் அழுக்குச் சட்டைப் பையில், தங்கள் வீட்டுக்குப் பொருந்தாத ஒரு சாவியைக் காணும் மனைவியின் கதை. ஆரம்பம் முழுக்க ஒற்றை வரிப் பத்திகள். உரையாடலுக்கு மேற்கோள் குறியே இல்லை. எதிர்பாராத இடங்களில் மூன்று நட்சத்திரம். சாவி அகப்பட்டதும்... ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரே பத்தி!

முதல் கதையிலேயே இவ்வளவு திட்டமா? ஏதோ ஏ.ஐ. செயலி எழுதிக் கொடுத்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். சங்கச் செயலாளர் நிராகரிக்கத் தயார். ஆனால் விசாரணை இல்லாமல் தண்டனை கூடாதே. போன் செய்தேன்.

"மேற்கோள் குறி ஏம்மா இல்ல?"

"ஒரு கை கம்பியில இருக்கும் அங்கிள். அந்தக் குறிக்கு கீபோர்டையே மாத்தணும். அந்நேரம் பிரேக் போட்டா நான் டிரைவர் மடியிலதான்."

அவருக்கு ஷார்ஜாவுக்குள்ளேயே முவைலாவிலிருந்து ரோலாவுக்குத் தினமும் பஸ். அங்கே ஒரு கார்கோ ஆபீசில் டியூட்டி. கதை மொத்தமும் பஸ்ஸில், போனில் எழுதியதாம். நின்றுகொண்டு போன நாட்களில் ஒற்றை வரி. இறங்கிய இடங்களில் நட்சத்திரம்.

"அப்ப அந்த ஒன்றரைப் பக்கம்?"

"அன்னைக்கி சீட் கெடச்சிச்சு. ரோடும் ஜாம்."

"சாவி கெடச்ச அதே நாள்ல சீட்டும் கெடச்சுதாக்கும்?"

"சீட் கெடச்சதுனாலதான் அங்கிள் சாவியே கெடச்சிச்சு. இல்லாட்டி அந்தப் புள்ள இன்னும் சட்டை தொவச்சுக்கிட்டுத்தான் இருந்திருப்பா."

சிரித்தவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "மெஷின் எழுதுனதுன்னு பேர் வந்திச்சுன்னா இதோட விட்டுருவேன் அங்கிள். எங்க வூட்ல அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காஹ."

பதில்கள் கச்சிதமாக இருந்தன. கச்சிதமான பதிலைப் போலச் சந்தேகத்துக்குரியது உலகில் வேறு என்ன இருக்கிறது?

மறுநாள் காலை அதே பஸ்ஸில் ஏறினேன். கூட்டம். கம்பியைப் பிடித்தபடி என் நடுவர் அறிக்கையைப் போனில் தட்டினேன். 'கதை பரவாயில்லை.' சிக்னல். 'நடை சுருக்கம்.' பிரேக். சர்வீஸ் முழுக்க நான் இவ்வளவு சுருக்கமாக எழுதியதே இல்லை. மேற்கோள் குறியைத் தேடினேன் — பக்கத்து சீட் பாகிஸ்தானியின் காலை மிதித்ததுதான் மிச்சம்.

அவர் என் நரையைப் பார்த்தார். தன் காலையும் பார்த்தார். "பைட்டோ சாச்சா" என்று தன் சீட்டைக் காட்டி எழுந்துகொண்டார்.

உட்கார்ந்தேன். அவ்வளவுதான்... அந்தக் கதையை ஏன் ஏற்க வேண்டும் என்று மூச்சுவிடாமல் ஒரே பத்தியாக எழுதித் தள்ளினேன். இறங்க வேண்டிய ஸ்டாப் போனதே தெரியவில்லை.

பர்வீனின் கதை மலரில் வருகிறது. செயலாளருக்கு மட்டும் கை அரித்தது. "மேற்கோள் குறி போட்டுடலாமா சார்? நட்சத்திரத்தை எடுத்துடலாமா?"

"மாஃபி, கிடையாது" என்றேன். "ஒரு புள்ளியைக்கூடத் தொடக்கூடாது."

கேஸ் முடிந்தது. சந்தேகம்தான் இடம் மாறிவிட்டது. இப்போது எந்தப் பெரிய எழுத்தாளரின் நீளமான பத்தியைப் படித்தாலும் ஒரே கேள்விதான் — இவருக்கு எழுந்து சீட் கொடுத்தது யார்?