எட்டு இதழ் மழைப்பள்ளம்

“சார், உங்க வாசல்ல பெய்யற மழை எங்க போவுது?”

ரூத் சத்தியவதி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. கொஞ்சமும் யோசிக்காமல், “கடலுக்கு” என்றேன். சித்தூர் மாவட்டத்துப் பள்ளிகளில் பருவக்காற்றையும் ஆற்றுப்படுகைகளையும் காலமெல்லாம் பாடம் நடத்தியவன் வேறென்ன சொல்வான்? அவர் குலுங்கிச் சிரித்தார். “அது பரீட்சைக்கு சார். ஃபுல் மார்க் போட்டுட்டேன். கடலுக்குப் போற தண்ணி நடுவுல உங்க வீட்டுக்குள்ள இன்னாத்துக்கு வந்துச்சு? அத்த சொல்லுங்க.”

போன வாரம் எங்கள் குடியிருப்பின் வாசலில், பலமனேர் தக்காளி வண்டியருகே நின்று தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். ரூத்தின் தம்பி சித்தூரிலிருந்து பேசினார். “அக்கா காலையில போயிட்டாங்க, சார். தூக்கத்துலயே.” போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை வந்தால் ரூத்துக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அவர் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

திருப்பதியிலும் சித்தூரிலும் அவர் கை பட்ட குடியிருப்புகளில் வசிப்பவர்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டடங்களைச் சுற்றியுள்ள நிலத்தை, மரம் செடி மண் தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து வடிவமைப்பது அவர் தொழில். “வீட்ட கட்டறவங்க வீட்ட பாத்துப்பாங்க. மிச்சம் மீதி கீறத நான் பாக்கறேன்” என்பார். சித்தூரின் பழைய மிஷன் சபையைச் சேர்ந்தவர். அங்கே பாடகர் குழுவில் அவர் குரல் தனியாகக் கேட்கும் என்பார்கள். எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டங்களிலும் அப்படித்தான்.

அவரை நாங்கள் அழைத்ததற்குக் காரணம் ஒரு கார்த்திகை மழை. எங்கள் குடியிருப்பு திருப்பதியின் ஓரத்தில், மலையைப் பார்த்தபடி இருக்கிறது. நான்கு கட்டடங்கள், நடுவில் கொஞ்சம் தாழ்ந்த வெட்டவெளி. கட்டியவர்கள் அதில் டைல்ஸ் பதித்து, மேடாக்கிய இடங்களில் வெளிநாட்டுப் புல்லும் வரிசையாகப் பனை மாதிரி அலங்கார மரங்களும் வைத்திருந்தார்கள். டிவியில் வாயுகுண்டம், அதாவது காற்றழுத்தத் தாழ்வு என்றார்கள், இரண்டு நாள் கொட்டியது. அவ்வளவு தண்ணீரும் ஒரே கால்வாயைத் தேடி ஓடி, அங்கே இடமில்லாமல் திரும்பித் தரைத்தள வீடுகளுக்குள் வந்தது. எங்கள் வீடு அதில் ஒன்று. கட்டில்மேல் காலைத் தூக்கி உட்கார்ந்திருந்த என் மனைவி, “அடுத்த கார்த்திகைக்கு நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். ஓய்வூதியப் பணத்தில் வாங்கிய வீடு. அவள் சொன்னால் சொன்னதுதான்.

சங்கச் செயலாளர் முனிரத்தினம் பஸ் டெப்போ மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளத்தை மண் கொட்டி நிரப்பி, சிமெண்ட் போட்டு, கார் நிறுத்துமிடம் ஆக்கிவிடலாம், பெரிய குழாய் வைத்துத் தண்ணீரை ரோட்டுக்குத் தள்ளிவிடலாம் என்பது அவர் யோசனை. பலருக்கும் அது பிடித்திருந்தது. ரூத் மட்டும் அந்த டைல்ஸைப் பெயர்த்தெடுத்துப் பள்ளத்தை இன்னும் ஆழமாக்க வேண்டும் என்றார்.

“மேடம், தண்ணிய வெளிய அனுப்ப வழி கேட்டா, நீங்க அதுக்கு உள்ளயே சீட் போட்டுக் குடுக்கறீங்களே!”

“நீங்க டெப்போல செஞ்சதுதான் சார். எல்லா பஸ்ஸையும் ஒரே நேரத்துல கேட்டுல வுட்டா இன்னா ஆவும்? உள்ள நிறுத்தி ஒண்ணொண்ணா அனுப்பினீங்க இல்ல?”

எனக்கும் ஓர் உதாரணம் தோன்றிவிட்டது. வாத்தியாரால் சும்மா இருக்க முடியுமா? இலையில் சோற்றைக் குவித்து உச்சியில் ரசத்தை ஊற்றினால் அது இலையை விட்டு ஓடி மடியில் விழும். சோற்றில் ஒரு குழி செய்துகொண்டு ஊற்றினால் அங்கேயே நின்று ஊறும் என்றேன். ரூத் கையைத் தட்டினார். “இத்த இனிமே நான் எல்லா எடத்துலயும் சொல்லிக்கினு திரியப் போறேன்” என்றார். அப்படியே சொன்னார். சொல்லும்போதெல்லாம், “இது எங்க சோஷியல் சாரோட ரசம்” என்று மறக்காமல் சேர்த்துக்கொள்வார்.

கடைசியில் ஒரு மழைக்காலம் பார்க்கலாம் என்று முடிவானது. ரூத் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “வர்ற மழையில கீழ் வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வந்தாலும், நானே மண்ண வாரிக் கொட்டி மூடறேன். அப்பால உங்க காரெல்லாம் நிறுத்திக்குங்க.”

அவர் வேலை செய்யும் முறையே தனி. வரைபடம் இருக்கும், ஆனால் அதை மேசையில் விரிக்கமாட்டார். கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு தரையிலேயே முழு அளவில் வரைவார். “பேப்பர்ல போட்டா கோடு தெரியும். தரையில போட்டா எடம் தெரியும்” என்பார். வரைந்த கோட்டுக்குள் எங்களை நடக்கச் சொல்வார், உட்காரச் சொல்வார், எங்கே நிழல் விழுகிறது என்று கேட்பார். எங்கள் பள்ளத்துக்கும் அப்படித்தான் முட்டை வடிவத்தில் பெரிய வெள்ளைக் கோடு ஒன்றை இழுத்தார். பொக்லைன் ஓட்டும் ரமணாவிடம், “வெள்ளக் கோட்டுக்குள்ள தோண்டு, வெளிய கை வெக்காத” என்று சொல்லிவிட்டு, கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்காகச் சித்தூருக்குப் பஸ் ஏறினார்.

அது மார்கழி என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் மூன்றாவது மாடி வேதவல்லி மாமி கோலம் போட இறங்கி வந்தார். கோயில் கைங்கர்யக் குடும்பம். மார்கழியில் அவர் வைத்ததுதான் எங்கள் குடியிருப்பில் சட்டம். நடுவெளியில் பெரிய வளைகோட்டைப் பார்த்துவிட்டார். “யாரோ கோலத்தை ஆரம்பிச்சுட்டுப் பாதியில போயிருக்கா பாரு. மார்கழியில இப்படி விடலாமோ?” என்று மற்ற பெண்களையும் கூப்பிட்டார். தெலுங்குக் குடும்பத்துப் பெண்கள் தாங்கள் கோலம் போடும் முக்குமாவுடன் வந்தார்கள். முட்டையைச் சுற்றி எட்டு இதழ்கள் முளைத்தன. இதழ் நுனிக்கு ஒன்றாகச் சாணப் பிள்ளையார் வைத்து அதில் பூசணிப்பூவும் செருகினார்கள். பார்க்கக் கண்கொள்ளாத தாமரை. எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் ரமணா வந்தான். பிள்ளையார்களை ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி ஓரமாக வைத்தான். பூசணிப்பூ ஒன்றுகூட வாடவில்லை. பிறகு தோண்டினான், எட்டு இதழையும்.

கிறிஸ்துமஸ் முடிந்து கேக் டப்பாவுடன் ரூத் வந்து பள்ளத்தின் விளிம்பில் நின்றார். நாங்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் கேக் டப்பாவைப் பார்த்தோம்.

“ரமணா, இன்னாப்பா இது?”

“நீங்கதான மேடம் செப்பினாரு, தெல்ல கோட்டுக்குள்ள தோண்டுன்னு? எட்டு ரெக்க கீது. வண்டிய திருப்பித் திருப்பி இடுப்பு போச்சு மேடம்!”

வேதவல்லி மாமிக்கு விஷயம் புரிந்து முகம் வெளுத்தது. “ஐயோ, நான்தாம்மா… நீங்க பாதியில விட்டுட்டேள்னு நெனச்சு…”

ரூத் அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்புதான். “மாமி, பாதியிலதான் வுட்டுட்டேன். நீங்க முடிச்சிட்டீங்க” என்றார். முனிரத்தினம், “சரி, இதழையெல்லாம் மூடிடலாம்” என்றார். “வேணாம் சார். ஓரம் நீளமா ஆச்சுன்னா அத்தன செடிக்கும் உக்கார எடம் கெடைக்கும். இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, அந்த மண் கையோடேயே எங்களுக்குக் கேக் வெட்டிக் கொடுக்க வந்தார். மாமிதான் அதட்டிக் கைகழுவ அனுப்பினார்.

கோடையில் நடவு. அடியில் கோரையும் வெட்டிவேரும், விளிம்பில் நொச்சி, மேலே புங்கனும் நாவலும் நீர்மருதும். நம் மலையின் செம்மரம் ஒன்று வைக்கலாமே என்று யாரோ கேட்டதற்கு, “வெக்கலாம். அப்பால வாட்ச்மேனுக்குத் தூக்கமே இருக்காது, பரவாயில்லையா?” என்றார். புல்தரையைக் குறைத்தது பற்றிச் சிலர் முணுமுணுத்தார்கள். “தெனம் தண்ணி ஊத்தறீங்க, ஆள் வெச்சு வெட்டறீங்க, அப்புறம் ‘உக்காராதே’ன்னு போர்டும் வெக்கறீங்க. அந்தப் புல்லு யாருக்கு?” என்று கேட்டார். மறுவாரம் அந்த போர்டு காணாமல்போனது. எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது.

கார்த்திகை வந்தது. மறுபடி வாயுகுண்டம். காலையிலேயே கொட்டத் தொடங்கிவிட்டது. என் மனைவி அரிசி டப்பாவைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, ஒரு பையில் துணியும் எடுத்து வைத்துக்கொண்டாள். மதியம் ஜன்னலுக்கு வெளியே குரல் கேட்டது. “சார்! இன்னாத்துக்கு உள்ள உக்காந்துக்கினு கீறீங்க? வெளிய வாங்க!” சித்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார் ரூத். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குடை ஒரு பக்கம் மடங்க, பாதி நனைந்து நின்றார்.

குடையுடன் எல்லோரும் இறங்கினோம். மாடித் தண்ணீர் செடிகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றி வந்து பள்ளத்தில் இறங்குவதைப் பார்த்தோம். நடு முட்டை முதலில் நிரம்பியது. பிறகு ஓர் இதழ், அடுத்து இன்னோர் இதழ். “ஃபுல்! அடுத்த பஸ்!” என்று முனிரத்தினம் தன்னை மறந்து கத்தினார். எங்கள் வாசலைப் பார்த்திருந்த இதழ்தான் கடைசி. அதிலும் தண்ணீர் ஏறியது. விளிம்பைத் தொட்டு, நொச்சி வேரில் நின்றது. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரூத் பாடவும் இல்லை, பேசவும் இல்லை. அந்த மாதிரி அவரை நான் பார்த்தது அன்று மட்டும்தான். மழை மெல்ல அடங்கியது. தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்றது, பிறகு விளிம்பை விட்டு இறங்கத் தொடங்கியது. எங்கள் வாசற்படி நனையவில்லை.

“மாமி!” என்று கூவினார் ரூத். “என் முட்டை மட்டும் இருந்திருந்தா இன்னிக்கு சார் வீடு மெதந்திருக்கும். உங்க இதழ்தான் காப்பாத்துச்சு!” அது கணக்குப்படி உண்மையா, மாமியின் மனம் குளிரச் சொன்னதா என்று பிறகு பலமுறை கேட்டுப் பார்த்தேன். “பாட்டு நல்லா வந்தா எந்தக் கொரலுன்னு கேப்பாங்களா, சார்?” என்று சிரித்தே தப்பித்துக்கொண்டார். முனிரத்தினம் மறுநாள் அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டார்: நடுவெளி மழைக்கு ஒதுக்கப்பட்டுள்ளது, வாகனங்கள் நிறுத்தக் கூடாது. என் மனைவி துணிப்பையைப் பிரித்து அடுக்கிவிட்டு, தவளைச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று குறை சொன்னாள். அன்றிலிருந்து வருஷா வருஷம் அதே குறைதான். வீட்டை விட்டுப் போகும் பேச்சு மட்டும் எழவில்லை.

சித்தூர்க் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தபோது சபையார் பாடினார்கள். வேதவல்லி மாமியும் வந்திருந்தார். பாட்டு தெரியாவிட்டாலும் மாமியின் கைவிரல்கள் தாளம் போட்டன. திரும்பும்போது பஸ்ஸில் முனிரத்தினம், பள்ளத்தின் நடுவே அவர் பெயரில் ஒரு கிரானைட் கல் வைக்கலாமா என்றார். “கல்லு வெச்சா அந்த அளவுக்குத் தண்ணிக்கு எடம் போயிடுமே” என்றாள் என் மனைவி. பேச்சு அதோடு முடிந்தது.

நேற்று மாலை எல்லோரும் நடுவெளியில் கூடினோம். பெண்கள் பள்ளத்தின் விளிம்பைச் சுற்றி எட்டு இதழையும் வெள்ளைக் கோலமாவால் வரைந்தார்கள். கடைசி இதழை மூடாமல் பாதியில் விடச் சொன்னார் மாமி. இந்த முறை தெரிந்தேதான். வரைந்து முடிக்கும் முன்பே தூறல் விழுந்தது. யாரும் உள்ளே ஓடவில்லை. மாவு கரைந்து, வெள்ளை வெள்ளைக் கோடுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் வழியைக் கண்டுபிடித்துப் பள்ளத்துக்குள் இறங்கியது. ரூத் காட்ட விரும்பியது அதுதான். நாங்கள் குடையை மறந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பழக்கம். மழை வந்தால் இப்போது ஜன்னலைச் சாத்துவதற்கு முன் செருப்பைத் தேடுகிறேன். அவர் கேட்ட கேள்விக்கு என் வாசலைப் பொறுத்தவரை பதில் தெரியும்: வாசலைப் பார்த்த இதழ் வழியாக, நாவல் மரத்தின் வேருக்கு.

உங்கள் வாசலின் பதிலை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த மழைக்கு ஒரு பிடி கோலமாவை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். வாசலில் ஓடும் தண்ணீரில் அதைத் தூவி, அது போகும் வழியே பின்னால் நடந்து பாருங்கள்.