மாமி வாங்கிய குருசு

போன வெள்ளிக்கிழமை காலை பொன்னம்மா அக்கா இரணைமடுவிலிருந்து பஸ் பிடித்து வவுனியாவுக்கு வந்து, என் மேசையில் ஒரு சின்னத் துணி முடிச்சை வைத்தார். அக்கா என் பெரியம்மாவின் மகள். எனக்குப் பென்சன் வரத் தொடங்கி மூன்று வருடம். அவருக்கு நான் இன்னும் 'தம்பி'தான்.

முடிச்சுக்குள் ஒரு தங்கக் குருசு. கழுத்துச் சங்கிலியில் கோக்கிற சிலுவை. புதிதல்ல, கடைத்தெரு நகைப் பத்தரிடம் யாரோ விற்றுவிட்டுப் போன பழையது.

முருகன் படத்துக்குக் கற்பூரம் காட்டாமல் தேத்தண்ணி குடிக்காத அக்காவுக்குக் குருசு எதற்கு?

அவர் மகன் ராசன், இங்கே ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் திரேசாவைப் பதிவுத் திருமணம் செய்து இரண்டு வருடம். மன்னார்ப் பெண், கத்தோலிக்கக் குடும்பம். அக்கா அந்த வீட்டுப் படியை மிதித்ததில்லை. இப்போது திரேசாவுக்கு எட்டாம் மாதம். அக்காவின் கோபம் ஏழாம் மாதத்தோடு முடிந்துவிட்டது... ஆனால் வெறுங்கையோடு எப்படிப் போவது?

"அவளின்ர சாமியைக் கொண்டுபோனால் கதவு திறப்பாள்தானே" என்றார். "ஆனால் தம்பி, குருசிலயும் கன விதம் இருக்காம். பிழையானதைக் குடுத்தால் நக்கலுக்குக் கொண்டுவந்தது எண்டு நினைப்பாள். நீ கச்சேரியில இருந்தனி. பார்த்துச் சொல்லு."

சரியான இடத்துக்குத்தான் வந்தார். மாவட்டக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்த முப்பத்திரண்டு வருடத்தில் எனக்குத் தெரியாது என்று நான் எழுதிய கோப்பு ஒன்றுமில்லை. பழைய காணி உறுதிகள் வாசிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

சிலுவையில் இயேசுவின் உருவம் இருந்தது. ஆகவே கத்தோலிக்கரின் குருசு. மற்றச் சபைக்காரர் பெரும்பாலும் வெறுஞ்சிலுவைதான் அணிவார்கள். இதுவரை சரி. உச்சியில் ஒரு குட்டித் தகடு, அதில் நாலு ஆங்கில எழுத்து. பழைய சொந்தக்காரரின் இனிஷல் என்று அறிவித்தேன். நாலு இனிஷல் வைத்திருந்தவர் குறைந்தது வெள்ளைக்காரன் காலத்து முதலியார் பதவியிலாவது இருந்திருப்பார் என்றும் சேர்த்துக்கொண்டேன். முனைகளில் மும்மூன்று இதழ். வெறும் அலங்காரம் என்றேன்.

பாதத்துக்குக் கீழே வந்ததும் கண்ணாடி நின்றுவிட்டது. ஒரு மண்டை ஓடு. குறுக்கே இரண்டு எலும்பு. நான் அந்தச் சின்னத்தை முன்பு பார்த்தது ஓரிடத்தில்தான் — நஞ்சுப் போத்தலில்.

அக்காவின் முகம் கறுத்துப்போயிற்று. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு மண்டை ஓடா?

கத்தோலிக்கக் கோயில் சுவாமியாரிடம் விசாரித்துச் சொல்கிறேன், அதுவரை ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லி, குருசைப் பார்த்து ஒரு தாளில் பிரதி வரைந்துகொண்டேன். எதற்கும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? அக்கா குருசைத் திரும்பத் துணியில் முடிந்துகொண்டு, கடைத்தெருவில் ஓர் அலுவல் இருக்கிறதென்று எழுந்துபோனார். என்ன அலுவல் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பின்னேரம் சுவாமியார் நான் வரைந்த படத்தைப் பார்த்துச் சிரித்தார். பழைய போர்த்துக்கேயர் பாணியாம். மன்னார்ப் பக்கத்துப் பெண்களின் கழுத்தில் இன்னும் காணலாமாம். நாலு எழுத்தும் லத்தீன்: நாசரேத்து இயேசு, யூதரின் அரசன். (நான் நியமித்த முதலியார் அந்த இடத்திலேயே பதவி இழந்தார்.) மூன்று இதழும் பிதா, சுதன், பரிசுத்த ஆவி. மண்டை ஓடு ஆதாமுடையது. முதல் மனிதனைப் புதைத்த இடத்தில்தான் சிலுவை நடப்பட்டதாக நம்பிக்கை. சாவு தோற்றுக் காலடியில் கிடக்கிறது என்று அர்த்தம்.

நஞ்சு அல்ல, மருந்து! மன்னார்ப் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான குருசு வேறு கிடைக்குமா? சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்தால், அக்கா ராசன் வீட்டுக்கே போய்விட்டார் என்றார் மனைவி. விசாரணை முடியும்வரை காத்திருந்த மாமியாரை எந்தக் கோப்பிலும் நான் கண்டதில்லை. மறுபடி மிதித்தேன்.

அங்கே அக்கா கதிரையின் நுனியில் இருந்தார், ராசன் எதிரே இருந்தான். திரேசா யன்னல் வெளிச்சத்தில் குருசைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். இயேசுவின் நெற்றியில் சந்தனம். பாதத்தின் கீழே... மண்டை ஓட்டைக் காணோம். அந்த உருண்டையில் இதழ் கீறி, ஒரு தாமரை மொட்டு. எலும்புகள் இரண்டும் இரண்டு இலைகள். பத்தர் கெட்டிக்காரர்தான்.

இரண்டு வருடம் கழித்துத் திறந்த கதவு. இனி என்னாகும்?

"மாமி, இதில மண்டை ஓடு ஒண்டு இருந்திருக்கோணுமே" என்றாள் திரேசா. "அம்மாவின்ர குருசில இருக்கு."

"இருந்தது பிள்ளை. நான்தான் மாத்துவிச்சனான். வயித்தில பிள்ளையோட அதை ஏன் நெஞ்சில சுமப்பான் எண்டு..." அக்காவின் குரல் இறங்கியது. "பிழையோ?"

ஆதாமைப் பற்றி விளக்க நான் வாயைத் திறந்தேன். திரேசா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அந்தப் பார்வையைத் தாதிமாருக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள்போலும்.

"ஒரு பிழையும் இல்லை, மாமி." குருசைத் தன் சங்கிலியில் கோத்து, முதுகைக் காட்டித் திரும்பி இருந்தாள். "கொழுவி விடுங்கோ. எனக்குக் கை பின்னால எட்டாது."

கொக்கி மூன்று தரம் நழுவியது. ராசன் எழும்பவில்லை, நானும் எழும்பவில்லை.

ஞாயிறு பூசைக்குப் பிறகு சுவாமியார் என்னைச் சந்தையடியில் கண்டு என் சைக்கிளை நிறுத்தினார். திரேசாவின் குருசைப் பார்த்தாராம். மேலே எல்லாம் போர்த்துக்கேயர் பாணி, சரி. கீழே அந்தத் தாமரை எந்தப் பாணி என்று கேட்டார்.

மாமி பாணி, சுவாமி.