கோமியம் ஊற்றிய காவல்காரர்

பிள்ளைகளே, நீங்கள் பிறக்குமுன் நானும் உங்கள் அம்மாவும் சூளகிரியில் குடியிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் வெறும் களிமண். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். இரண்டு முறை வைத்த கத்தரிக் கன்றுகள் வேரறுந்து செத்தன.

மூன்றாம் முறை வைத்தபோது, பக்கத்து மர மில் காவல்காரர் ஒரு சாக்கு மரச் சிராய் கொண்டுவந்தார். பெரிய மீசைக்காரர். மில்லில் நெருப்புக் கூடாதென்பதால் பற்றவைக்காத பீடி எப்போதும் காதில் இருக்கும்.

"தோண்டிப் பொதைக்காதீங்க சார். மேலாப் பரப்புங்க. மக்க மக்க மண்ணு பொலபொலன்னு ஆயிரும்."

பரப்பினேன். மறுநாள் காலையில் ஒரு சிராய்கூட இல்லை.

"அடுப்புக்கு ஆவுறத மண்ணுல கொட்டினா, யாரு சும்மா விடுவாங்க?" என்று உங்கள் அம்மா சிரித்தாள்.

காவல்காரர் இன்னொரு சாக்கைக் கொட்டி, அதன்மேல் ஒரு வாளி மாட்டுக் கோமியத்தை ஊற்றினார்.

மறுநாள் எதிர்வீட்டம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "என்னத்த சார் ஊத்துனீங்க? அடுப்பப் பத்தவச்சா எங்க சமையக்கட்டு பூரா நாறுது!" என்றவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பிறகு யாரும் தொடவில்லை. கத்தரி கிளை ஒடியக் காய்த்தது.

"கோமியம் செடிக்கா, திருடருக்கா?" என்று கேட்டேன்.

"நாலு காய் குடுங்க சார், சொல்றேன்."

கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனவர் கடைசிவரை சொல்லவே இல்லை.