மானியத்துக்கு வந்த ராணி

பொன்னாடையைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் தும்மல் வரும். ஒவ்வாமை என்று டாக்டர் சொல்கிறார். அருவருப்பு என்று நான் சொல்கிறேன். இந்தத் தும்மல் இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஒரு வசந்தகாலச் சனிக்கிழமை, நாங்கள் குடியேறிய பார்க் எக்ஸ்டென்ஷன் வட்டாரத்தில், எங்கள் தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் தொடங்கியது.

தங்கள் வட்டாரத்தின் வரலாற்றையும் கலைகளையும் கொண்டாடும் சமூகங்களுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறதாம் என்று அந்த வருடங்களில் ஒரு கதை பரவியது. மாதா திருநாளுக்குக் கதிரை அடுக்கக்கூட எங்கள் தேவாலயப் பங்கில் ஆள் பிடிக்க முடியாது. மானியம் என்றதும் ஒரே கிழமையில் ஒரு செயற்குழு முளைத்துவிட்டது. தலைவர், உபதலைவர், ஆலோசகர்கள், ஆலோசகர்களுக்கும் ஓர் ஆலோசகர். வெறும் உறுப்பினராக இருக்கத்தான் ஒருவரும் இல்லை.

தலைவர் வீடு விற்றுக் கொடுக்கும் முகவர். நான் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிறவன். அப்படிப்பட்டவனை ஏன் சேர்த்தார்கள் என்றால், எனக்கு பிரெஞ்சு தெரியும் என்று சனங்களிடம் ஒரு வதந்தி இருந்தது. பாரம், கவனம், உடைந்துபோச்சு ஆகிய மூன்றையும் நான் பிரெஞ்சில் பிழையில்லாமல் சொல்வேன். மிச்சத்தை முகத்தாலும் அகராதியாலும் சமாளிப்பேன். விண்ணப்பத்தை எழுத அது காணும் என்று தலைவர் முடிவு செய்தார்.

"தம்பி, உள்ளூர் வரலாறு எண்டு கேக்கிறாங்கள். எங்களிட்ட என்ன கிடக்கு?"

"அண்ணை, நாங்கள் இஞ்ச வந்த நாள் துவங்கி ரெஸ்டோரன்டுகளில கோப்பை கழுவினதுதான் வரலாறு."

"விசர்க்கதை கதையாத. கூத்தைப் போடு."

கூத்து உண்மையாகவே இருந்தது. யாழ்ப்பாணத்தாரும் மன்னார்க்காரரும் சேர்ந்து, எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில், உடுப்புத் தோய்க்கும் அறையில், குளிர்காலம் முழுக்க ஆடிப் பழகுவார்கள். குற்றமில்லாத ராணி ஒருத்தியை ராசா காட்டுக்குத் துரத்துகிற கதை. 'இக்கலை பல ஆண்டுகளாக இவ்வட்டாரத்தின் நிலத்துக்கடியில் உயிர்வாழ்ந்து வருகிறது' என்று நான் எழுதினேன். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் என்று எழுதவில்லை. வாசித்த அதிகாரி ஏதோ புதையல் என்று நினைத்திருக்க வேண்டும். மானியம் வந்துவிட்டது.

கூத்தில் ராணிக்கு ஆண்கள்தான் ஆடுவது வழக்கம். எங்களுக்கு ராணியாக ஆடிய அண்ணை அந்த வருடம் டொரோன்டோவுக்கு இடம் மாறிவிட்டார். தேவாலயப் பாடகர் குழுவில் இருந்த ஓர் அக்கா, "நான் ஆடுறன்" என்றார். டோர்வலில் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறவர். மூத்த ஆட்கள் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். அக்கா ஒருவரோடும் வாதாடவில்லை. ராணி காட்டில் தனியே நின்று பாடுகிற பாட்டைப் பாடிக் காட்டினார். தோய்க்கும் இயந்திரம் சுழன்ற சத்தத்துக்கு மேலாலும் அது கேட்டது. சுளித்த முகங்கள் நேராகின. "ஒருக்கா மேடையில இதை முழுசாப் பாடிப்போட வேணும் தம்பி. வேற ஒண்டும் வேண்டாம்," என்று என்னிடம் சொன்னார். அதற்காகவே அந்தச் சனிக்கிழமைப் பகல் வேலையை இரவுக்கு மாற்றியிருந்தார்.

நான் கட்டியக்காரன். ராசா வருமுன் ஓடிவந்து, "பராக்! பராக்!" என்று கத்தி, நாலு பகிடி விட்டுவிட்டுப் போகிற பாத்திரம். வீட்டில் சும்மா செய்வதை மேடையில் உடுப்புப் போட்டுச் செய்ய வேண்டியதுதான்.

மண்டபம் எங்களுக்குப் பகல் இரண்டு மணி முதல் ஆறு மணி வரை. ஆறு மணிக்குப் பங்கின் பிரெஞ்சுக்காரக் கிழவிகளுக்கு பிங்கோ விளையாட்டு. குத்துவிளக்கு ஏற்றலோடு விழா தொடங்கியது. மண்டபத்தில் நெருப்புப் பற்றவைக்கக் கூடாது என்பதால் பற்றரி மெழுகுதிரிகளைத் திரிகளுக்குப் பதிலாகச் செருகியிருந்தார்கள். பிரமுகர்கள் ஒவ்வொருவராக வந்து பக்தியோடு சுவிட்சை அழுத்தினார்கள். ஒன்று பற்றவில்லை. தலைவர் அதைக் குலுக்கிக் குலுக்கிப் பற்றவைத்தார். கைதட்டல்.

பிறகு என்னைத் திரைக்குப் பின்னால் இழுத்தார். "நீ இந்த உடுப்போடயே நில். வாற பிரமுகர்களுக்கு ஒவ்வொரு கட்டியம் சொல்லி விடு. அரசாங்க ஆக்கள் பாக்க கலாசாரமா இருக்கும்."

ராசாவுக்குச் சொல்ல வேண்டிய கட்டியத்தை நகரசபை உறுப்பினருக்குச் சொன்னேன். பாராளுமன்ற உறுப்பினர் வரவில்லை, அவருடைய உதவியாளருக்குச் சொன்னேன். காப்புறுதி முகவருக்கு, பல் டாக்டருக்கு, சிற்றுண்டிக்கு ரோல்ஸ் அன்பளிப்புச் செய்த கடைக்காரருக்கு. சனம் சிரித்தது. சிரிக்கச் சிரிக்க எனக்கும் வாய் நீண்டது. பல் டாக்டருக்கு நான் சொன்ன கட்டியம் அவர் பல்லுப் பிடுங்குவதைவிட நீளம். ஒவ்வொருவருக்கும் ஒரு பொன்னாடை, ஓர் உரை. போர்த்தப்பட்டவர் போர்த்தியவரைப் போர்த்தினார். கொஞ்ச நேரத்தில் ஆடைகள் தீர்ந்துவிட்டன. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என் மூக்கு மறக்க மறுக்கிறது. தோளிலிருந்து கதிரைக்கு வந்ததை உபதலைவர் மடித்து, மேசைக்குக் கீழால் தலைவரிடம் தள்ளுவார். அதுவே அடுத்த கழுத்துக்குப் போகும். எல்லாருடைய சென்ட்டும் வியர்வையும் ஆட்டிறைச்சி ரோல்ஸ் எண்ணெயும் ஏறிய ஒரு பச்சைப் பொன்னாடை கடைசியில் என் தோளிலும் விழுந்தது. "எங்கள் கட்டியக்காரக் கலைஞன்" என்றார் தலைவர். சீ! நான் குனிந்து வணங்கினேன், பிறகு தும்மினேன்.

திரைக்குப் பின்னால் அக்கா முடி சூடி, முகத்தில் பூச்சோடு நின்றார்.

"தம்பி, எப்ப எங்கட முறை?"

"இந்தா அக்கா, இன்னும் ஒரு கழுத்துத்தான்."

அடுத்த முறை போனபோது பூச்சு வியர்வையில் கோடு கோடாக இறங்கியிருந்தது. "கழுத்தெல்லாம் முடிஞ்சுதோ, இல்லாட்டி இனிக் காலுக்கும் போர்த்தப்போறியளோ?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நன்றியுரை முடிந்தபோது ஆறு மணிக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சனம் கலையத் தொடங்க, பிரமுகர்கள் ரோல்ஸ் பொட்டலங்களோடு கிளம்பினார்கள். அவர்கள் காரில் ஏறுவதைப் படமெடுக்கப் படக்காரரும் பின்னால் ஓடினார். தேவாலயக் காவலாளி கதவுத் திறப்புக் கோர்வையோடு வாசலில் நின்றார். தலைவர் அக்காவிடம் வந்தார்.

"பிள்ளை, கூத்தைப் பேந்து ஒருக்கா வைப்பம். இப்ப மேடையில நிண்டு பாடுறமாதிரி வாயைத் திறந்து ஒரு படத்துக்கு நில்லும். மானிய அறிக்கைக்கு அது காணும்."

"பாடுறமாதிரியோ?"

"ஓம். படக்காரர் இப்ப வந்திடுவார்."

"அண்ணை, நான் ஐஸில போட்ட மீனே, சும்மா வாயைத் திறந்து வைச்சுக்கொண்டு நிக்க?"

அதோடு திரையை விலக்கிக்கொண்டு மேடையில் போய் நின்றார். மத்தளக்கார அண்ணை பகல் முழுக்கச் சும்மா இருந்த கைகளை மத்தளத்தில் வைத்தார். ராணி வருகிறார் என்று கட்டியம் சொல்லாமல் ராணி வரக் கூடாது. நான் முன்னால் ஓடி வாயைத் திறந்தேன். பல் டாக்டருக்கும் காப்புறுதிக்காரருக்கும் கத்திக் கத்தி என் தொண்டை தேய்ந்து போயிருந்தது. மழையில் நனைந்த பூனை மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

அக்கா பாடினார். பாதியில் பிங்கோக் கிழவிகள் கதிரை மெத்தைகளோடும் நிறப் பேனைகளோடும் உள்ளே வந்தார்கள். பிழையான நேரமோ என்று ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, மெல்ல உட்கார்ந்தார்கள். காவலாளி திறப்புகள் கிலுங்காமல் கையால் பொத்திக்கொண்டார். ஒரு கிழவி என் சட்டையைப் பிடித்திழுத்து, ராணிக்கு என்ன நடந்தது என்று பிரெஞ்சில் கேட்டார். என்னிடம் இருந்த மூன்றில் ஒன்றை எடுத்தேன்.

"உடைந்துபோச்சு."

கிழவி தலையாட்டினார்.

பாட்டு முழுசாக முடிந்தது. கிழவிகள்தான் தட்டினார்கள். அக்கா முடியைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது படக்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"பிள்ளை, ஒரே ஒரு படம்," என்றார் தலைவர். "வாயை மட்டும்."

"பாட்டு முடிஞ்சுது அண்ணை. வாயும் மூடியாச்சு. எனக்கு வேலைக்கு நேரமாகுது."

புருவ மை அழியாமலே குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு டோர்வல் பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.

மிஞ்சிய ரோல்ஸ் ஒன்றை நான் வாயில் போட்டேன். தலைவர் என் கையிலிருந்த முடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "முந்தி ஆம்பிளையள்தானே தம்பி ராணிக்கு ஆடினவை. அதுதானே எங்கட பாரம்பரியம்."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். தொண்டையில் சத்தம் இல்லை என்பதை ஒரு சாட்டாக வைத்துக்கொண்டேன்.

அறிக்கை அச்சாகி வந்தது. பொன்னாடைப் படங்களுக்கு நடுவில், முடி சூடி, மீசையோடு, வாய் பிளந்து நான். கீழே, 'காட்டில் பாடும் ராணி'. அடுத்த வருடமும் மானியம் கிடைத்தது. தலைவர் அந்தப் படத்தைச் சட்டம் போட்டுத் தன் அலுவலகத்தில் மாட்டினார்.

அக்கா அதை அங்கே பார்த்திருக்கிறார். டோர்வலில் பஸ் தரிப்பில் என்னைக் கண்டதும் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் வந்து, படியில் கால் வைத்த பிறகுதான் திரும்பினார்.

"தம்பி, உன்ர வாய்க்குள்ள அரைவாசி ரோல்ஸ் தெரியுது."