ஏரோப்ளேனுக்கு வைத்த சந்தனப் பொட்டு

ஆயுத பூஜை அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள்: நான், என் சம்சாரத்தின் ஒரே தம்பியான என் மச்சினன், அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய சார், அவருடைய அக்காவான ஆச்சி, செல்போனுக்குள் சிங்கப்பூரிலிருந்து சாரின் மகள். இவ்வளவு பேர்தான். றெக்கை மாட்டாத ஏரோப்ளேன் ஒன்றும் இருந்தது. அதை ஆள் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆச்சி சேர்த்திருந்தார். எங்களுக்குப் பொட்டு வைத்த கையோடு அதற்கும் வைத்தார்.

திருமயத்தில் பைபாஸ் ஓரமாக எனக்கு ஒரு லேத் பட்டறை. டிராக்டரில் டிரெய்லரை மாட்டும் இரும்புப் பின், போர்வெல் பைப்புக்கு மரை, எப்போதாவது ஜெகதாப்பட்டினத்து மீன்பிடி போட்டுக்காரர்கள் கொண்டுவரும் ஷாஃப்ட். இதில் எது உடைந்தாலும் ஆள் தரையில் நிற்பான், இல்லாவிட்டால் தண்ணீரில் மிதப்பான். ஆகாயத்தில் இருக்க மாட்டான். அந்த நிம்மதியில்தான் தொழில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் பயந்த சுபாவம். பள்ளிக்கூடத்தை நிறுத்தியதே பயத்தால்தான். ஒன்பதாம் வகுப்பில் ஆசிட் பாட்டிலை எடுத்துவரச் சொன்னார்கள். மறுநாளிலிருந்து போகவில்லை. இன்றைக்கும் பஸ்ஸில் ஏறினால் டிரைவரின் கண் திறந்திருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வருவேன். கேஸை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் இறங்கித் திரும்பியதெல்லாம் எங்கள் வீட்டில் சாதாரணம். இப்படிப்பட்டவனிடம் ஏரோப்ளேன் வேலை வந்ததை விதி என்றுதான் சொல்ல வேண்டும்.

சாருடைய வீடு திருமயத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறது. ஒரு தெருவில் நுழைந்து மறு தெருவில் வெளியே வரலாம், அவ்வளவு நீளம். ஒரு காலத்தில் கல்யாணப் பந்தி போட்ட ஹாலில் சார் இரண்டு பேர் உட்காரும் ஏரோப்ளேன் கட்டிக்கொண்டிருந்தார். வரைபடம் இணையத்தில் வாங்கியது. சாமான் பெட்டி பெட்டியாக வந்தது. றெக்கைகள் கழற்றிப்போட்ட கட்டில் மாதிரி சுவரில் சாய்ந்து நின்றன. எந்தப் பக்கம் கொண்டுபோனாலும் அவை வாசலைத் தாண்டாது என்பதை நான் வந்த அன்றைக்கே கவனித்தேன். சொல்லப் பயமாக இருந்தது.

எனக்குக் கொடுத்த வேலை சின்னது. ஓட்டுகிறவருடைய இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு தடி நிற்கும். அதைச் சாய்த்தால் அடியில் படுத்திருக்கும் பைப்பு திரும்பும். பைப்பின் நுனி ஒரு இரும்புக் குழலுக்குள் போகும். குழலிலிருந்து போகும் தண்டுதான் றெக்கையின் ஓரத்தை இழுத்துத் திருப்பும். அந்தக் குழலை நான் கடைந்து கொடுத்தேன். அமெரிக்கப் பைப்புக்கும் திருமயத்துக் குழலுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விழுந்துவிட்டது. அடியில் மயிரிழை என்றால் தடியின் உச்சியில் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், ஆட்டம் காட்டியது.

"குறுக்கே ஒரு ஓட்டையைப் போட்டு போல்ட்டு மாட்டிரலாம் சார்," என்றேன்.

"ஓட்டை போட்டா பைப்பு பலம் போயிரும்ப்பா. இதுக்குன்னே பசை இருக்கு," என்று உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பாட்டிலை எடுத்தார். உள்ளே பச்சையாக, வெட்டிவேர் சர்பத்தில் தண்ணீர் கூடின மாதிரி ஏதோ இருந்தது.

"பசையா சார்?"

"பசைன்னா போஸ்டர் ஒட்டுற பசையா? ரெண்டு இரும்புக்கு நடுவுல, காத்துப் படாத எடத்துலதான் இது எறுகும். எறுகிட்டா அடிச்சாலும் வராது."

காற்றுப் பட்டால் இறுகாத பசையை, காற்றிலேயே போகப்போகிற வண்டிக்குப் போடுகிறாரே என்று அன்றைக்கே யோசிக்க ஆரம்பித்தேன். தினம் ஒரு சந்தேகம் வந்தது. வந்ததும் போன் போட்டுவிடுவேன்.

"சார், சித்திர வெயில்ல உருகாதா?"

"கேஸ் வச்சுச் சுட்டாத்தான் விடும்."

"அப்ப சுட்டா விடும்ங்கறீங்க."

"அந்தச் சூடு வந்தா மொதல்ல நீயும் நானும் உருகிருவோம்ப்பா. போனை வையி."

அவர் மட்டும் பறப்பதாக இருந்தால் என் பயத்தை நானே வைத்துக்கொண்டிருப்பேன். இரண்டாவது சீட்டை அவர் என் மச்சினனுக்குக் கொடுத்துவிட்டார். பட்டறையில் எனக்கு வெல்டிங் வேலை செய்கிறவன் அவன். சார் வீட்டுக்கு ஒருநாள் கூடவந்து, "சார், ஒரு ரவுண்டு என்னையக் கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்டான். ராட்டினத்தில் ஏறுகிற மாதிரி. அவரும் சரி என்றுவிட்டார். அன்றிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெல்டிங் செய்தான். தொழிலுக்குக் கண்ணாடி தேவைதான். அவன் சாப்பிடும்போதும் கழற்றவில்லை.

அந்த மூட்டு ஆகாயத்தில் வழுக்கினால் தடி மட்டும் சாயும், றெக்கை சும்மா இருக்கும். அப்புறம் என் சம்சாரத்துக்கு நான் என்ன பதில் சொல்வது? இதை அவளிடமே சொன்னேன்.

"எந் தம்பி ஏரோப்ளேன்ல போறான்னதும் ஒனக்கு வயித்தெரிச்சல்," என்றாள். "ஒன்னைய யாரும் கூப்பிடலன்னு நேரா சொல்லிட்டுப் போ."

ஆயுத பூஜை வந்தது. பட்டறையில் பூசணிக்காய் உடைத்துவிட்டு, பொரி கடலையோடு நானும் மச்சினனும் சார் வீட்டுக்குப் போனோம். கையோடு டிரில் மெஷினையும் எடுத்துப் போயிருந்தேன். எப்படியாவது ஒரு ஓட்டை போட்டுவிடலாம் என்ற நப்பாசை. ஆச்சி பார்த்துவிட்டார்.

"என்னப்பா இது? சாமிக்கு முன்னால வைக்கிறதுக்கா, வேலை செய்யறதுக்கா? இன்னைக்கு ஆயுதத்தைத் தொட்டு வேலை செய்யக்கூடாதுல்ல?"

டிரில்லுக்கு ஒரு பொட்டு வைத்து, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார்.

"அக்கா சொல்றது சரிதான்," என்றார் சார். முப்பது வருஷமாகப் பூஜை அறைப் பக்கம் போகாத மனிதர். "ஆனா பசை ஆயுதம் இல்லையே? இன்னைக்கு ஒட்டிரலாம்."

பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து பைப்பின் நுனியையும் குழலின் உள்பக்கத்தையும் ஆபரேஷன் தியேட்டர் மாதிரி துடைத்தார். "இனிமே யாரும் கை படக்கூடாது. வெரல்ல இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கே போதும், பசை பிடிக்காது," என்றார். நாங்கள் மூச்சுக்கூடப் பக்கவாட்டில்தான் விட்டோம்.

அந்த நேரத்தில் போனிலிருந்து மகள் கத்தினாள். "அப்பா, இன்னும் பத்து நிமிஷத்துல ராகுகாலம். ஆப்புல போட்டிருக்கு!"

"எனக்கு அதுலல்லாம் நம்பிக்கை கெடையாது," என்று சொல்லிக்கொண்டே சார் வேட்டியை மடித்துக் கட்டி ஓட ஆரம்பித்தார்.

"பொட்டு வைக்காம நல்ல காரியம் தொடங்குவியா?" என்று ஆச்சி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். அப்போதுதான் விளக்குத் திரியைத் தூண்டிவிட்ட கை.

"வேண்டாங்க்கா."

"கொழாய்க்குத்தான், ஒனக்கில்ல."

"சரி. சின்னதா. ஓரமா."

மனிதனுக்குப் பொட்டு நெற்றியில். பைப்புக்கு நெற்றி எது? ஆச்சிக்குச் சந்தேகமே வரவில்லை. நுனியில், குழலுக்குள் நுழைய வேண்டிய அந்த நுனியில், சுற்றிலும் மூன்று பொட்டு வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தார். சார் ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். மறுபடி ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருக்கலாம். பாட்டில் ஹாலுக்கு அந்தக் கோடியில் இருந்தது, ராகுகாலம் வாசலில் நின்றது. வேட்டி முனையால் ஒரு துடை துடைத்தார், பசையை ஊற்றினார், பைப்பைச் சொருகித் திருகினார். ஆச்சி மணி அடித்தார். மச்சினன் கறுப்புக் கண்ணாடியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் போன் போடாமல் நேரிலேயே போய்விட்டேன். "சார், ஒரே ஒரு தடவ பாரம் கட்டிப் பாத்துருவோம்," என்றேன். சார் சிரித்தார். என் வாயை அடைப்பதற்காக என்று சொல்லி அவரே ஏற்பாடு செய்தார். குழலை இரும்புப் பிடியான வைஸில் இறுக்கிவைத்தோம். தடி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றது. அதில் ஆச்சியின் பொன்னி அரிசி மூட்டையைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டோம்.

நின்றது.

"பாத்தியா?" என்றார் சார். போனை எடுத்துப் படம் பிடித்தார். உலகம் முழுக்க வீட்டில் ஏரோப்ளேன் கட்டுகிறவர்களுக்கு ஒரு குரூப் இருக்கிறதாம், அதற்கு அனுப்ப. படத்தில் சிரிக்கச் சொல்லி என்னையும் மூட்டைப் பக்கத்தில் நிறுத்தினார். நான் சிரித்துக்கொண்டிருக்கும்போதே மூட்டை மெதுவாக, கோயிலில் விழுந்து கும்பிடுகிறவர் மாதிரி, முதலில் குனிந்து பிறகு மண்டியிட்டுத் தரையில் படுத்தது. சத்தமே இல்லை. குழல் அப்படியே இருந்தது. பைப்பு உள்ளே சுழன்றுவிட்டது.

உருவிப் பார்த்தோம். பசை பச்சையும் மஞ்சளுமாகக் கொழகொழவென்று இருந்தது. சந்தன வாசனை ஜம்மென்று வந்தது.

ஆச்சிதான் முதலில் பேசினார். "நல்லவேளை, நான் பொட்டு வச்சேன். இல்லாட்டி இது இப்புடி வழுக்கும்னு இன்னைக்குத் தெரிஞ்சிருக்குமா? மேல போயில்ல தெரிஞ்சிருக்கும்?"

சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரையும் ஆச்சியே போய்ப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தார். நேற்று மகள் சொன்னது சிங்கப்பூர் ராகுகாலமாம். நம்மூர் ராகுகாலத்துக்கு அப்போது இரண்டரை மணி நேரம் பாக்கி இருந்திருக்கிறது. பைப்பை ஸ்பிரிட்டில் குளிப்பாட்டியே எடுத்திருக்கலாம்.

இனிமேல் பசைக்கு முழுக்குத்தான் என்று உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். அது நிலைக்கவில்லை. சார் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, ஆச்சியைச் சமையலறையில் இருக்கச் சொல்லிவிட்டு, மறுபடி ஒட்டினார். இறுக நாள் கொடுத்து மறுபடி மூட்டையைக் கட்டினோம். நின்றது. இரண்டு மூட்டை. நின்றது. மச்சினன் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்து, "மச்சான், ஒரு போட்டோ எடுங்க," என்றான். அப்போதும் நின்றது. பசை நல்ல பசைதான். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எண்ணெய்க் கையோடு யாரும் நடமாடாத வீடு நம் ஜில்லாவில் எங்கே இருக்கிறது?

"ஒரு போல்ட்டு மட்டும் சார்."

"அவ்வளவு பாரம் தாங்குனதைப் பாத்தேல்ல?"

"பாத்தேன் சார். மொத மூட்டை நின்னதையும் பாத்தேன்."

அவர் பசை பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சம்சாரத்திடம் மூட்டை படுத்த கதையைச் சொன்னேன். அவள் முகம் மாறியது. மறுநாள் காலையில் மொபட்டை எடுத்துக்கொண்டு நேராக சார் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே பஸ்ஸில் ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது ஹால் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒரு போல்ட்டுல என்ன சார் கொறஞ்சு போயிருவீங்க? ஒங்க வீட்டு வாசக்கதவுல தாப்பாளும் இருக்கு, பூட்டும் இருக்கு. தாப்பா நல்லா இருக்குன்னு பூட்டைக் கழட்டிட்டீங்களா?"

"இல்லம்மா, ஓட்டை போட்டா பைப்பு..."

"அப்ப பைப்பைக் கொஞ்சம் தடியா போடுங்க. இல்ல, எந் தம்பியோட சீட்டுல இவரை ஒக்கார வைங்க."

இவர் என்றது என்னைத்தான். நான் ஏரோப்ளேனிலிருந்து ஒரு அடி தள்ளி நின்றுகொண்டேன். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பறப்பதை சார் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார் போலிருக்கிறது. அவர் முகம் சரியில்லை.

"சரி, குரூப்புல கேக்கறேன்," என்றார். கேட்டார். பதில் வந்தது. அங்கே எல்லோரும் இந்தப் பசையை ஆட்டத்தை நிறுத்துவதற்குத்தான் போடுகிறார்களாம். போல்ட்டு இருக்கத்தான் செய்யும், அதை யாரும் தனியாகச் சொல்வதில்லையாம். சோற்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று யாராவது சமையல் குறிப்பில் எழுதுவார்களா?

தடிமனான பைப்பு வரவழைத்தார். பசை போட்டு, இறுகியபின் குறுக்கே ஓட்டை போட்டு, நான் போல்ட்டு மாட்டினேன். நட்டு கழன்றுவிடாமல் ஒரு கம்பிப் பின்னையும் சொருகினேன். பின்னை மடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு மடித்தேனா என்ற சந்தேகத்தில் மறுநாள் போய்ப் பார்த்தேன். மடித்துத்தான் இருந்தது. இப்போதும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே நுழைந்து தொட்டுப் பார்க்கிறேன். ஆச்சி அதன்மேல் குங்குமம் வைத்திருக்கிறார். வெளிப்பக்கம்தான், பரவாயில்லை.

ஏரோப்ளேன் இன்னும் ஹாலில்தான் நிற்கிறது. பறக்க சர்க்கார் அனுமதி வரவில்லை. வந்தாலும் வாசலை இடித்தால்தான் றெக்கை வெளியே போகும். இடிக்க, வீட்டில் பங்குள்ள பங்காளிகள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அவர்கள் நாலைந்து நாட்டில் இருக்கிறார்கள். குலதெய்வத்துக்குப் படையல் போடும் படைப்புக்கு வரும்போது கேட்கப் போவதாகச் சார் சொல்கிறார். மச்சினன் அந்த நாளை எண்ணிக்கொண்டு கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துவைத்திருக்கிறான்.

குழல் கடைந்த கூலி, பசை ஒட்ட உதவிய கூலி, பஸ் காசு எல்லாம் சார் அன்றைக்கே கொடுத்துவிட்டார். போல்ட்டுக்கு மட்டும் கொடுக்கவில்லை. "அது ஒன் பயத்துக்குப் போட்டதுப்பா, வண்டிக்குப் போட்டதில்ல," என்றார். நானும் கேட்பதில்லை. கேட்டால், "அப்ப கழட்டிக்கிட்டுப் போ" என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். போல்ட்டு, நட்டு, பின், ஓட்டை போட்ட கூலி எல்லாம் சேர்த்து வர வேண்டிய பாக்கி அறுநூற்றைம்பது ரூபாய்.