கணக்கப்பிள்ளை கொடுத்த ரத்தம்

ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி லேப்பில் சேர்ந்த முதல் மாதத்திலேயே, தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் ஒரு கணக்கப்பிள்ளைக்கு ஊசி குத்தும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

மூட்டுவாதத்துக்கான லேடெக்ஸ் டெஸ்ட் அப்போதுதான் கொழும்பிலிருந்து வந்திருந்தது. செய்முறை இதுதான்:

1. ரத்தம் உறைந்ததும் மேலே நிற்கும் சீரத்தைப் பிரித்து, உப்புநீர் கலக்க வேண்டும்.
2. அதில் ஒரு சொட்டைக் கண்ணாடிச் சிலைடில் விட்டு, பால் போன்ற லேடெக்ஸைச் சேர்த்து ஆட்ட வேண்டும்.
3. திரிந்தால் பாசிட்டிவ். பாலாகவே இருந்தால் நெகட்டிவ்.

கொழுந்து பறிக்கும் லெட்சுமிக்குக் காலையில் விரல்கள் மடங்கவில்லை. குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக் காம்பராவுக்கு அவரை மாற்ற டாக்டர் எழுதித் தர வேண்டும்; அதற்கு முன் ரத்தம் பார்க்கச் சொல்லி லேப்புக்கு அனுப்பியிருந்தார். இல்லாவிட்டால் வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டுவதாகச் சொல்லிக் கணக்கப்பிள்ளையும் கூடவே வந்திருந்தார்.

“மலையில கொழுந்து பறிக்க மட்டும் வலிக்குதாம். தேத்தண்ணிக் கோப்பையப் புடிக்க வலிக்கலையாம்!”

“ரெண்டு கையாலதாங்க புடிக்கிறேன். வந்து பாருங்கய்யா.”

“ரத்தம் பொய் சொல்லாது மிஸ்ஸி,” என்று கணக்கப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். “என்னோடதையும் எடுங்க. நல்ல ரத்தம் எப்படி இருக்கும்னு இவளுக்குக் காட்டுங்க.”

நான் சந்தோஷமாக அவர் கையில் ரப்பர் குழாயைக் கட்டினேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“மூச்ச விடுங்கய்யா,” என்றார் லெட்சுமி. “நீங்க கொழுந்து நிறுக்கிற மாதிரி, இங்க கணக்குக்கு மேல எடுக்க மாட்டாங்க.”

லெட்சுமியின் சிலைடு பாலாகவே இருந்தது. கணக்கப்பிள்ளையின் சிலைடு திரிந்தது. திரும்பச் செய்தேன். அதே முடிவு.

கணக்கப்பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். “இந்த வெரலு ரெண்டு நாளா ஒரு மாதிரிதான் இருக்கு மிஸ்ஸி…”

“ஐயாவுக்கும் பிள்ளைக் காம்பராவுல எடம் கேளுங்க மிஸ்ஸி. சேர்ந்தே தொட்டில் ஆட்டுறோம்.”

டாக்டர் என் முடிவுகளைப் படித்து ஓரமாக வைத்தார். லெட்சுமியின் இரண்டு கைகளிலும் வீங்கிய கணுக்களை அமுக்கினார். காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு என்று கேட்டார். பிறகு கணக்கப்பிள்ளையின் கைகளைப் பார்த்தார். அவற்றில் எந்தக் குறையும் இல்லை.

“நோயில்லாத சில பேருக்கும் இப்படிக் காட்டும். நோயிருந்தும் சில பேருக்குக் காட்டாது. இப்ப நீங்களே சொல்லுங்க. ரத்தத்த நம்பினா உங்கள வார்டுல படுக்க வைக்கணும். கைய நம்பினா இவங்களுக்கு எழுதித் தரணும்.”

கணக்கப்பிள்ளை யோசிக்கவே இல்லை. “கையவே நம்புவோங்க, டாக்டர் ஐயா!”

லெட்சுமி பிள்ளைக் காம்பராவுக்குப் போனார்.

லேப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: சிலைடில் கண்டதை மட்டும் எழுதுங்கள். நோயின் பெயரை, கையைத் தொட்டுப் பார்ப்பவர் எழுதட்டும்.

கணக்கப்பிள்ளை அதன் பிறகும் ஆட்களை அழைத்து வந்தார். லேப் வாசலில் நிற்கும்போது மட்டும் சட்டையின் கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொள்வார்.