லைட் எரிந்தது, மிஷின் ஓடவில்லை

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை அனுப்பும்போது, காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கும் மிஷின் ஒன்றையும் கொடுத்தார்கள். சில வாரம் வைத்துக்கொண்டால் தேறிவிடுவார் என்று எங்களிடம் டாக்டர் சொன்னார். வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று நர்ஸ் கேட்டதற்கு, "அதெல்லாம் எந்நேரமும் இருக்குதுங்க" என்றார் அம்மா. அவர் பொய் சொல்லவில்லை. வத்தல்மலையில் லைன் கரண்ட் போனாலும் எங்கள் வீட்டில் சோலார் லைட் எரியும், சின்ன ஃபேன் சுற்றும். அம்மாவுக்கு அதுவும் கரண்ட்தான்.

அப்பாவுக்கு மிஷின் பிடித்துப்போனது. அம்மா அளவுக்கு அது குறட்டை விடுவதில்லை என்று போனில் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

ஒரு மத்தியானம், மழையில் மரம் சாய்ந்து லைன் அறுந்தது. மலை ரோட்டையும் அதே மரம் மறித்துக்கொண்டது. நான் ஓசூரில் வேலையில் இருந்தேன். அம்மா போன் செய்து, லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, மிஷின் மட்டும் ஓடவில்லை, எந்த பட்டனை அமுக்க வேண்டும் என்று கேட்டார்.

சோலார் பேட்டரியில் இருப்பது டி.சி., ஒரே பக்கமாக ஓடுவது. மிஷினுக்கு வேண்டியது ஏ.சி., முன்னும் பின்னும் மாறி மாறி ஓடுவது. அதை இதாக மாற்ற இன்வெர்ட்டர் வேண்டும், நம்மிடம் இல்லை. கடவுளே, இதையெல்லாம் அந்த நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐ.டி.ஐ.யில் படித்தது வரி பிசகாமல் வந்தது.

"எந்தக் கரண்டா இருந்தா என்னப்பா, ஒங்கப்பாவுக்கு மூச்சே வரல" என்றார் அம்மா.

ஆம்புலன்ஸ் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. ஊர்க்காரர்கள் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அங்கே போய்ச் சேர்வதற்குள் அப்பா போய்விட்டார்.

அந்த நர்ஸ் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. கரண்ட் இருக்கிறதா என்று கேட்டவர், லைன் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கலாம். ஒரு சிலிண்டரும் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். இதை நான் அம்மாவிடம் சொன்னதில்லை. அம்மாவே யோசித்து அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்துவிட்டார். காரியம் முடிந்து ஓசூருக்குக் கிளம்பிய என்னை வாசலில் நிறுத்திக் கேட்டார்.

"கரண்டு அப்பப்ப நின்னுடும்னு நான் சொல்லியிருந்தா, பொழச்சிருப்பாராப்பா?"

"இல்லம்மா. எப்படியும் பொழைக்க மாட்டாருன்னு டாக்டர் அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு" என்றேன்.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அது அம்மாவுக்கும் தெரியும். "செரிப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.